கிரையப் பத்திரத்தில் இல்லாத காடு

1962-ல் ப்ரெண்டன் கிரிம்ஷா விடுமுறைக்காக செஷல்ஸ் தீவுகளுக்குப் போனார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர். நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய நாற்காலி சீக்கிரமே உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் போய்விடும் என்பது தெரிந்த சங்கதி. அடுத்து எங்கே போவது என்ற யோசனையோடு வந்தவர், விடுமுறை முடியும்வரை தனக்குப் பிடித்த நிலம் எதையும் காணவில்லை. கிளம்பும் நேரத்தில் இளைஞர் ஒருவர் வந்து, தீவு ஒன்று விலைக்கு வருகிறது, வேண்டுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தார்கள். 8,000 பவுண்டுக்கு பேரம் முடிந்தது.

அந்தத் தீவின் பெயர் மொயேன். செஷல்ஸின் பெரிய தீவான மாஹேயின் வடக்குக் கரையிலிருந்து நாலரை கிலோமீட்டர் தூரம். பரப்பளவு பத்து ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு; நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய தென்னந்தோப்பு. இன்று படகில் சில நிமிடத்தில் போய்விடலாம். அன்றைக்கு செஷல்ஸ் போவதே பெரும்பாடு. விமான நிலையம் எழுபதுகளின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் மொம்பாசாவிலிருந்தோ பம்பாயிலிருந்தோ கப்பலேற வேண்டும்.

தனித்தீவு வாங்கும் கனவு இன்று பலருக்கு இருக்கிறது. கனடாவின் ஏரித்தீவிலிருந்து பசிபிக்கின் பவளத்தீவு வரை விற்றுத்தர தரகர்களும் இருக்கிறார்கள். அந்த விளம்பரங்களில் ஆளரவமற்ற, காடு அடர்ந்த, மனிதக் கை படாத என்ற சொற்கள் தவறாமல் வரும். கடல் நீலமாக இருக்கும், காடு பச்சையாக இருக்கும். வாங்குகிறவர் அந்தப் பச்சையையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார். மொயேனின் கதையைப் படித்த பிறகு அந்தப் பச்சையை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் புதரும் பச்சை, களையும் பச்சை, கைவிட்ட தோட்டமும் பச்சை.

கிரிம்ஷா வாங்கிய தீவும் அப்படித்தான் இருந்தது. முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே அங்கே யாரும் குடியிருக்கவில்லை. அதற்கு முன் ஆதரவற்ற நாய்களை அங்கே வைத்துக் காப்பாற்றிய ஓர் ஆங்கிலப் பெண்மணி இருந்திருக்கிறார். அவர் போன பிறகு அரை நூற்றாண்டு தீவைக் கேட்க நாதியில்லை. களைச்செடிகளும் கொடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடந்தன. மரத்திலிருந்து விழுகிற தேங்காய் தரையைத் தொடாது, புதர்மேலேயே தங்கிவிடும் என்பார்கள். கீழே எலிகள். பறவைகள் அபூர்வம். ஆளில்லாத இடம் தானாகவே காடாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தேங்காயைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மண்ணைத் தொட முடியாத விதை எங்கே முளைக்கும்?

செஷல்ஸின் மற்ற உள்தீவுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். இவை கருங்கல் தீவுகள். கோண்ட்வானா என்ற பழைய பெருநிலத்தின் உடைந்த துண்டுகள். 1770-ல் முதல் குடியேறிகள் வந்து இறங்கும்வரை இங்கே நிரந்தரமாக மனிதர் வாழ்ந்ததில்லை. அவர்கள் இறங்கிய செயின்ட் ஆன் தீவு மொயேனுக்குப் பக்கத்துத் தீவுதான். பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுடைய அடிமைகளுமாக வந்த அந்தச் சிறு கூட்டத்தில் ஐந்து பேர் தென்னிந்தியர்கள். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் மரங்களை வெட்டினார்கள், ராட்சத ஆமைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றி உணவாக்கினார்கள், மிச்சமிருந்த நிலத்தில் தென்னை வைத்தார்கள். இன்று தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. பிள்ளை, நாயுடு, செட்டி என்ற பெயர்கள் கடைப்பலகைகளில் இருக்கின்றன. அந்த ஊரின் துறைமுகத்தில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற தீவுக்கூட்டத்தில்தான் மொயேனும் இருக்கிறது.

கிரிம்ஷாவால் தனியாளாக எதையும் செய்திருக்க முடியாது. ரெனே அந்த்வான் லாஃபோர்த்யூன் என்ற உள்ளூர் இளைஞர் அவரோடு சேர்ந்தார். மீனவர் வீட்டுப் பிள்ளை. அப்போது இருபதுகூட நிரம்பவில்லை. கிரிம்ஷா எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டுத் தீவுக்கே குடிவந்தார். அதன்பின் இருவரும் சேர்ந்து புதரை வெட்டினார்கள், பாதை போட்டார்கள், குழி தோண்டினார்கள், நட்டார்கள். மொத்தம் 16,000 மரங்கள். அவற்றில் 700 மஹோகனி. தீவைச் சுற்றியும் குறுக்கேயும் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நடைபாதை.

பதினாறாயிரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நாற்பது ஆண்டுக்கு வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மரம் வருகிறது. கல்லும் சரிவுமான தரை. மேல்மண் கொஞ்சம்தான், அதைக் கொத்தினால் பாறை தட்டும். மே மாதத்திலிருந்து தென்கிழக்குக் காற்று வீசத் தொடங்கினால் சில மாதம் மழை குறைவு. அந்த மாதங்களில் முந்தைய மழையில் நட்ட கன்று பிழைத்தாக வேண்டும். வெட்டிய புதர் அடுத்த மழையில் மறுபடி எழும். நட்ட கன்றை மூடுவதற்குள் மறுபடி வெட்ட வேண்டும். வேலையாட்களை வைத்து ஒரு பருவத்தில் முடித்துவிடுகிற சமாசாரமில்லை இது. நடுவதற்கு ஒரு நாள் போதும், அதைக் காப்பாற்றத்தான் வருடங்கள் வேண்டும். பணம் இருந்தால் தீவை ஒரே நாளில் வாங்கலாம். இந்த வருடங்களை யாரும் விற்பதில்லை.

மரம் எழுந்தது, நிழல் வந்தது, பழம் பழுத்தது. பறவைகளும் வந்தன. கிரிம்ஷாவின் கடைசிக் காலத்தில் சுமார் 2,000 பறவைகள் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். ராட்சத ஆமைகளையும் இருவரும் கொண்டுவந்து விட்டார்கள். அல்டாப்ரா இனம், வளர்ந்த ஆண் இருநூறு கிலோவைத் தாண்டும், நூறு வயதுக்கு மேல் வாழும். உள்தீவுகளில் இருந்த ஆமைகளை முன்பே தின்று தீர்த்துவிட்டதால் வெகுதூரத்து அல்டாப்ராவின் வம்சம்தான் கதி. இன்று அவை வேலியில்லாமல் பாதையெங்கும் திரிகின்றன. வருகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

இதை ஆதிக்காடு என்று சொல்ல முடியாது. மஹோகனி அந்த மண்ணின் மரமல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். மாவும் பப்பாளியும் வெளியிலிருந்து வந்தவைதாம். தாவரவியல் கறாரோடு பார்க்கிறவர்கள் இதை ஒரு தோட்டம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வெறும் புதரும் எலியுமாகக் கிடந்த இடத்தில் மண்ணைப் பிடித்துவைக்க வேரும், உண்ணப் பழமும், அடையக் கிளையும் வந்ததை அந்த ஒரு சொல்லால் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. செஷல்ஸுக்கே உரிய பனை வகைகளும் அந்த மரங்களுக்கு நடுவே வளர்கின்றன.

இதற்கு நேரெதிர் வழியில் போன தீவு ஒன்றும் அதே நாட்டில் உண்டு. பெயர் கசின், 27 ஹெக்டேர். 1968-ல் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அதை வாங்கியது. இன்று பேர்ட்லைஃப் என்று அறியப்படுவது அதுதான். செஷல்ஸ் வார்ப்ளர் என்ற சின்னஞ்சிறு பறவை உலகத்திலேயே அந்தத் தீவில் மட்டும்தான் மிச்சமிருந்தது, முப்பதுக்கும் குறைவாக. அங்கே முக்கிய வேலை நடுவதல்ல, பிடுங்குவது. தீவு முழுக்கத் தென்னை. விழுந்த நெற்றெல்லாம் முளைத்து மற்ற மரங்களை எழவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. தென்னங்கன்றுகளை இடைவிடாமல் அகற்றினார்கள். மண்ணுக்குள் காத்திருந்த பழைய மரங்கள் தாமாகத் தலைதூக்கின. இலைகளில் பூச்சி பெருகியது, அதைத் தின்று பறவை பெருகியது. இடம் போதாமல் ஆரிட், கசீன், டெனிஸ், ஃப்ரிகேட் தீவுகளுக்கும் சிலவற்றைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். இன்று அந்தப் பறவை ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

தீவு வாங்க நினைக்கிறவர்கள் கசினில் இறங்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. பயணிகளின் படகு கரையைத் தொடக்கூடாது. கொஞ்ச தூரத்தில் கடலிலேயே நிற்க வேண்டும். தீவுக் காவலர்கள் தங்கள் சொந்தப் படகில் வந்து, ஆட்களை மட்டும் மாற்றி ஏற்றிக்கொண்டு, அலையின்மேல் வேகமாக ஓட்டி மணலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இவ்வளவும் எலிக்காக. வெளிப்படகின் அடியறையில் ஒரு சினை எலி ஒளிந்து வந்தால் போதும், தரையில் முட்டையிடும் பறவைகளின் கதை முடிந்தது. இது வெறும் பயமல்ல. ஃப்ரிகேட் தீவில் 1995-ல் எலி புகுந்துவிட்டது. செஷல்ஸ் மேக்பை ராபின் என்ற கருப்புவெள்ளைக் குருவிக்கு வெகுகாலம் கடைசிப் புகலிடமாக இருந்த தனியார் தீவு அது. எலிகளை ஒழித்து முடிக்க 2000 ஆனது. சிமென்ட் மூட்டை, மரச்சட்டம், அரிசிச் சாக்கு, கட்டில் மெத்தை என்று ஆளில்லாத தீவில் வீடு கட்ட ஏறுகிற சரக்கு ஒவ்வொன்றிலும் இந்த ஆபத்து கூடவே ஏறுகிறது. இயற்கையின் மடியில் இருக்க ஆசைப்பட்டு வாங்கியவரே அந்த இயற்கைக்கு எமனாவது இப்படித்தான்.

மற்ற நடைமுறைகள் எல்லோரும் அறிந்தவை. குடிநீர் உண்டா, எந்தக் காற்றுக்காலத்தில் படகு ஒதுங்க முடியாது, குப்பை எங்கே போகும், நோய் வந்தால் என்ன வழி என்று பார்க்க வேண்டும். செஷல்ஸில் வெளிநாட்டார் நிலம் வாங்க அரசின் அனுமதி வேண்டும். இவற்றுக்கெல்லாம் வக்கீலும் பொறியாளரும் இருக்கிறார்கள். அவர்களால் தீர்த்துவைக்க முடியாத கேள்வி ஒன்றுதான்: உங்களுக்குப் பிறகு?

மொயேனில் அந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் பெரிதாகிக்கொண்டே வந்தது. செஷல்ஸுக்கு விமானம் வந்தது, அதன்பின் ஹோட்டல்கள் வந்தன. சுற்றிலும் கடல் 1973-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. ஆனாலும் அக்கம்பக்கத்துத் தீவுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாவின் கைக்குப் போயின. தொழுநோயாளிகளை வைத்திருந்த ரவுண்ட் தீவில் சொகுசு வில்லாக்கள். முதல் குடியேறிகள் இறங்கிய செயின்ட் ஆனில் பெரிய ரிசார்ட். மொயேனையும் கேட்டுப் பலர் வந்தார்கள். சவுதி இளவரசர் ஒருவர் 5 கோடி டாலர் வரை தரத் தயாராக இருந்தார் என்பது பரவலாக வெளிவந்த செய்தி. கிரிம்ஷா மறுத்துவிட்டார். வாங்குகிறவர் அங்கே ஹோட்டல்தான் கட்டுவார் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் மறுப்பது உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அவருக்குக் குழந்தைகள் இல்லை. அம்மா இறந்தபின் எண்பதுகளில் தீவுக்கு வந்து மகனோடு தங்கிய அப்பாவும் சில ஆண்டுகளில் போய்விட்டார். 2007-ல் ரெனே இறந்தார். கிரிம்ஷாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டே அவர் காரியத்தை முடித்தார். தீவைப் பராமரிக்க ஓர் அறக்கட்டளை, அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தோடு ஓர் ஒப்பந்தம். 2008-ல் மொயேன் தனித் தேசியப் பூங்காவானது. உலகத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். 2012 ஜூலையில் கிரிம்ஷா காலமானார். தீவிலேயே, தந்தையின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.

இதே காரியத்தை முதல் நாளிலேயே செய்தவரும் உண்டு. சாக்லேட் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கேட்பரி 1973-ல் ஆரிட் தீவை வாங்கினார். பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுக்காகவே வாங்கினார். லட்சக்கணக்கான கடற்பறவைகள் கூடுகட்டும் தீவு அது. இன்னாருக்குப் பின் இன்னார் என்ற வாரிசுக் குழப்பத்துக்கே அங்கே இடம் வரவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வரிசை. கிரிம்ஷா நாற்பத்தாறு ஆண்டு கழித்து எழுதிய தாளை ஐந்தாம் ஆண்டிலேயே எழுதியிருக்கலாம். நடுவில் ஒரு மாரடைப்போ ஒரு படகு விபத்தோ வந்திருந்தால் பதினாறாயிரம் மரங்களின் தலையெழுத்து ஏலத்தில் முடிவாகியிருக்கும்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. மொயேனைப் பற்றி வருகிற எழுத்துகளில் பெரும்பாலும் தீவு வாங்கிய வெள்ளைக்காரர்தான் தலைப்பில் இருக்கிறார். ரெனே உதவியாளர் என்று ஒரு வரியில் முடிந்துபோகிறார். மண்ணையும் மழையையும் எந்த மாதம் எந்தப் பக்கம் அலை அடிக்கும் என்பதையும் அறிந்து வளர்ந்தவர் மீனவர் வீட்டுப் பிள்ளையான அவர்தான். காசு போட்டவர் கிரிம்ஷா. வாழ்நாளைப் போட்டவர்கள் இருவரும்.

இன்று மொயேனுக்குப் பகலில் போகலாம். கட்டணம் உண்டு, அந்தப் பணம் பராமரிப்புக்குப் போகிறது. இரவு தங்கும் அறைகள் இல்லை. ஆமைக் குட்டிகள் ஓரளவு பெரிதாகும்வரை தனிக் கொட்டிலில் வளர்கின்றன, பிறகு திறந்துவிடுகிறார்கள்.