கேட்டுப் பழகிய பொய்

டொனால்டு ட்ரம்ப்பின் முதல் பதவிக்காலம் 2021 ஜனவரியில் முடிந்தபோது, ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் உண்மை சரிபார்க்கும் குழு நான்காண்டுக் கணக்கை முடித்து வெளியிட்டது. பொய் அல்லது திசைதிருப்பும் கூற்று என்று அது பதிவு செய்தவை 30,573. முதல் ஆண்டில் நாளுக்குச் சராசரியாக 6. கடைசி ஆண்டில் 39. தேதி வாரியாக, ஆதாரத்தோடு எல்லாம் அச்சாகியும் 2024 தேர்தலில் அவரே மீண்டும் வென்றார். அதிலிருந்து கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: ஆதரவாளர்களுக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் நம்புகிறார்களா?

கைவசம் இருக்கும் விடைகள் இரண்டு. அவர்கள் அறிவிலிகள் என்பது ஒன்று. மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆய்வுகளில் ஆதாரம் குறைவு. ‘நம்புகிறார்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் வேறுவேறான மூன்று நடத்தைகள் இருக்கின்றன. கேட்டுக் கேட்டு நம்பிவிடுவது, நம்பாமலே ஆமோதிப்பது, பொய்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஆதரவை விடாமலிருப்பது. முதலாவது, கட்சி வேறுபாடின்றி எல்லோர் தலைக்குள்ளும் நடப்பது. அதனால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1977-இல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டொப்பினோ ஆகிய மூன்று உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று அமர்வுகள். ஒவ்வொன்றிலும் 60 கூற்றுகள். சில உண்மை, சில பொய். ஆனால் எல்லாமே ‘இருக்கலாம்’ என்று தோன்றக்கூடியவை. ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு உண்மை என்று மாணவர்கள் 1 முதல் 7 வரை மதிப்பெண் இட வேண்டும். ஒரு பகுதிக் கூற்றுகள் மட்டும் மூன்று அமர்வுகளிலும் திரும்ப வந்தன. புதிய கூற்றுகளின் மதிப்பெண் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. திரும்ப வந்தவற்றின் சராசரி 4.2, 4.6, 4.7 என்று ஏறியது. அவற்றில் உண்மையும் ஏறியது, பொய்யும் ஏறியது. இதற்கு ‘மாய உண்மை விளைவு’ என்று பெயர். அரை மதிப்பெண் என்பது சிறிய ஏற்றம்தான். கேட்டவரையெல்லாம் அடிமையாக்கும் மந்திரம் என்று இதை விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சிறிய ஏற்றம் பல ஆய்வகங்களில், பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. உளவியலில் அப்படி நிலைத்து நின்ற முடிவுகள் அதிகமில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதற்குத் தோசைக்கல்லைப் பார்த்தால் போதும். புதுக் கல்லில் ஊற்றிய முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். இரண்டு மூன்று ஊற்றியதும் திருப்பியை ஓரத்தில் விட்டாலே தானாக எழும்பும். மாவு அதே மாவு, பழகியது கல். சாப்பிடுகிறவரோ ‘மாவு நல்ல பதம்’ என்கிறார். மனமும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை கேட்கும்போது அதைப் புரிந்துகொள்ளும் வேலை குறைகிறது. அந்த இலகு முன்பே ஒருமுறை கேட்டதால் வந்தது என்பது மறந்துபோய், கூற்றின் தரத்தால் வந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. பெரும்பாலான நாள்களில் இந்தக் கணக்கு நமக்கு உதவவும் செய்கிறது. வாழ்க்கையில் அடிக்கடி காதில் விழுபவை பெரும்பாலும் உண்மைகளே.

கல் எத்தனை தோசையில் பழகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஹசன், பார்பர் என்ற இருவர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் சில கூற்றுகள் 27 முறை வரை திரும்ப வந்தன. நம்பிக்கை தொடர்ந்து ஏறியது. ஆனால் பெரிய தாவல் முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில்தான். பிறகு ஏற்றம் சிறுத்துக்கொண்டே போனது. முதல் தோசைக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் பத்தாவதற்கும் பதினொன்றாவதற்கும் இருப்பதில்லை அல்லவா? கல்லுக்கு யார் ஊற்றுகிறார்கள் என்பதும் கணக்கில்லை. மேடையில் தலைவர் ஊற்றினாலும், மறுக்க வந்த எதிர்க்கட்சிக்காரர் அதே வாக்கியத்தைச் சொல்லித் தொடங்கினாலும், செய்தித்தாள் அதையே தலைப்பாகப் போட்டாலும் அது இன்னொரு கரண்டி மாவு. புளித்த மாவும் பழகிய கல்லில் அழகாகவே எழும்பும். புளிப்பு தெரிய நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பசி வேகத்தில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. 2015-இல் லிசா ஃபேசியோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. அதில் வந்த பொய்க் கூற்றுகளில் ஒன்று, ‘ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குச் சேலை என்று பெயர்’ என்பது. இந்த வகைக் கூற்றுகளில் சரியான விடையை அறிந்திருந்தவர்களும்கூட, முன்பு ஒருமுறை படித்திருந்த பொய்க்குக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். அறிவு இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்காமலே விடை வெளியே வந்துவிடுகிறது. இதற்கு மாற்று வழியும் இருக்கிறது. முதல்முறை படிக்கும்போதே ‘இது சரியா?’ என்று மதிப்பிடச் சொன்னால், விடை தெரிந்தவர்களிடம் இந்த விளைவு பெரிதும் அடங்குகிறது என்று நாடியா பிரஷியரின் குழு 2020-இல் காட்டியது.

ஆய்வகத்துக்கு வெளியே பிரிட்டனைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு போகிறது என்று 2016-இல் அதிலிருந்து விலகக் கோரியவர்கள் ஒரு சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள்; அந்தப் பிரச்சாரத்தின் முகமாக இருந்தவர் போரிஸ் ஜான்சன். அது அரசுப் புள்ளிவிவரத்தை வெளிப்படையாகத் தவறாகப் பயன்படுத்துவது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையத் தலைவரே 2017-இல் எழுதினார். 2018-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வெளியிட்ட கருத்துக்கணிப்பில், அந்தக் கூற்றைக் கேள்விப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் அது உண்மை என்றே சொன்னார்கள்.

திரும்பச் சொல்லும் பொய் என்றதும் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பெயர் வந்துவிடும். ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் மேற்கோள். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தக்க மூலம் எதுவும் கிடைத்ததில்லை. திரும்பச் சொல்லப்பட்டதாலேயே நிலைபெற்ற கூற்று அது.

இனி இரண்டாவது நடத்தை. 2017 ஜனவரியில் பிரையன் ஷாஃப்னர், சமந்தா லூக்ஸ் இருவரும் ஏறத்தாழ 1,400 அமெரிக்கர்களுக்கு இரண்டு படங்களைக் காட்டினார்கள். ஒன்று ஒபாமாவின் 2009 பதவியேற்புக் கூட்டம், மற்றது ட்ரம்ப்புடையது. படங்களில் பெயர் இல்லை. அவர்களில் ஒரு பாதியினரிடம் எதில் கூட்டம் அதிகம் என்பது மட்டுமே கேள்வி. வெற்றிடம் பளிச்சென்று தெரியும் ட்ரம்ப் கூட்டப் படத்தைக் காட்டி ‘இதில்தான் அதிகம்’ என்றவர்கள், ட்ரம்ப்புக்கு வாக்களித்தவர்களில் 15 சதவீதம். ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களித்தவர்களில் 2 சதவீதம். கண் ஏமாறியதாகச் சொல்ல வழியில்லை. விடை சொல்வதையே ஆதரவு காட்டும் வழியாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதை எல்லாப் பொய்க்கும் பொருத்திவிடக் கூடாது. 2020 தேர்தல் திருடப்பட்டது என்ற கூற்றை மேத்யூ கிரஹாம், ஓமர் யாயிர் இருவரும் இதே சந்தேகத்தோடு சோதித்தபோது, அதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே நம்பினார்கள் என்றுதான் தெரிந்தது.

மூன்றாவது நடத்தைதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. 2017-இல் வெளியான ஆய்வில் பிரியோனி ஸ்வைரின் குழு ட்ரம்ப்பின் தவறான கூற்றுகளை அவர் ஆதரவாளர்களிடம் காட்டி, பிறகு திருத்தங்களைத் தந்தது. ஆதரவாளர்கள் திருத்தத்தை ஏற்றார்கள். பொய்யின் மீதிருந்த நம்பிக்கை சரிந்தது. ஒரு வாரத்தில் அதில் கொஞ்சம் திரும்பி வந்தது. வாக்களிக்கும் எண்ணம் மட்டும் அசையவில்லை. திருத்தினால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்று 2010-இல் இருந்து பரபரப்பாகப் பேசப்பட்ட முடிவும் இதனால் ஆட்டம் கண்டது. 10,000-க்கும் மேற்பட்டோரிடம் 52 விஷயங்களில் தாமஸ் வுட்டும் ஈதன் போர்ட்டரும் தேடியும் அப்படி இறுகுவது எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. உண்மை காதில் ஏறுகிறது. அது வாக்குச்சாவடி வரை போவதில்லை.

பொய் சொல்கிற தலைவரின் மூளை பற்றிய செய்திகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். 2016-இல் லண்டனில் டாலி ஷாரட்டின் குழு, தன் லாபத்துக்குப் பொய் சொல்லச் சொல்ல மூளையின் அமிக்டலா பகுதியின் எதிர்வினை குறைகிறது, பொய் வளர்கிறது என்று கண்டது. சுவையான முடிவுதான். ஆனால் அங்கே பொய் என்பது, கண்ணாடி ஜாடியில் இருந்த சில்லறையின் மதிப்பை இன்னொருவருக்குக் கூட்டிச் சொன்னது. ஸ்கேனருக்குள் போனவர்களும் சாதாரணத் தன்னார்வலர்கள். அதை வைத்து எந்தத் தலைவரின் மண்டைக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது.

ஆதரவு எப்போதுமே அசையாதா? ஆஸ்திரேலியாவில் 370 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில் அசைந்தது. ஒரு தலைவரின் உண்மைகளைவிடப் பொய்கள் அதிகமாகக் காட்டப்பட்டபோது, வாக்களிக்கும் விருப்பமும் அவர் மீதான எண்ணமும் இறங்கின. வலது, இடது இருபுறமும் அப்படியே. அமெரிக்காவில் பிறகு இதே முறையில் பார்த்தபோது இறக்கம் மிகச் சிறியதாகவே இருந்தது.

யார் திருத்துகிறார் என்பதற்கும் பங்கு உண்டு. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முதியவர்களின் உயிரைத் தீர்மானிக்கும் ‘மரணக் குழுக்கள்’ வரும் என்று 2009-இல் குடியரசுக் கட்சியின் சாரா பேலின் கிளப்பிய பொய்யை ஆடம் பெரின்ஸ்கி ஆராய்ந்தார். அதைக் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரே மறுத்தபோதுதான் மறுப்பு அதிகம் எடுபட்டது.

ஆய்வகத்தில் அப்படி மறுப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. வெளியே உண்டு. 2020 தேர்தல் பற்றிய பொய்யை மறுத்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் லிஸ் செனி, 2022 ஆகஸ்டில் வயோமிங் மாநில உட்கட்சித் தேர்தலில் 37 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அதே பொய்யை மறுத்து, ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் வாக்குகளைக் கையால் மறுபடி எண்ணிக் காட்டிய மாநிலச் செயலர் பிராட் ரஃபன்ஸ்பெர்கர், அதே ஆண்டு மே மாதம் தன் கட்சித் தேர்தலில் வென்றார். நவம்பரில் பதவியையும் தக்கவைத்தார். ஒரே கட்சி, ஒரே ஆண்டு, ஒரே பொய். இந்த இரு மாநிலங்களின் வாக்காளர்களுக்கும் இடையில் எது வேறுபட்டது என்பதை, எத்தனை மூளைப் படங்களைவிடவும் முதலில் ஆராய வேண்டும்.