டேட்டா வந்துடுச்சு, செட்டிங் வந்துச்சா?



உபுண்டுவைப் புதுசா இன்ஸ்டால் பண்ணும்போது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எப்படிக் காப்பாத்துறதுன்னு இந்த எபிசோடில் பேசினோம். அதில் வேகமாகக் கடந்துபோன கான்ஃபிக் ஃபைல் விஷயத்தை இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

பேக்கப் என்றால் நம்மில் பலர் 'பிஜி டம்ப்' எடுத்து வைப்பதோடு நிறுத்திக்கிறோம். அதில் டேபிள்களும் டேட்டாவும் வரும். கான்ஃபிக் ஃபைல்கள் வராது. யூசர், பாஸ்வேர்டும் வராது. அதற்கு 'பிஜி டம்ப் ஆல்' ஓட்டணும். உபுண்டு, டெபியனில் கான்ஃபிக் ஃபைல்கள் டேட்டாவோடு இல்லாமல் 'எட்ஸி' ஃபோல்டருக்குள் தனியாக இருக்கு. டிஸ்க்கை ஃபார்மட் பண்ணினால் அதுவும் போயிடும்.

போனால் என்ன, புதுசு வருமே? வரும். ஆனால் இன்ஸ்டால் ஆகும்போது ஓஎஸ்ஸில் எந்த டைம்சோன் இருக்கோ, அதுதான் புது ஃபைலில் ஏறும். கிளவுட் சர்வர் என்றால் பெரும்பாலும் யூடிசி.

ஆக்லாந்து யூடிசியைவிட 12 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, கோடையில் 13. அப்படின்னா சர்வரிடம் 'இன்றைய தேதி' கேட்டால் மதியம் 12 வரை, கோடையில் 1 மணி வரை, நேற்றைய தேதியைத்தான் சொல்லும். சென்னையில் இதே சிக்கல் விடியற்காலை 5.30க்கே தீர்ந்துடும், கடை திறப்பதற்குள். ஆக்லாந்து கடைக்குக் காலை வியாபாரம் மொத்தமும் நேற்றுக் கணக்கு. நியூசிலாந்தில் வழக்கமான நிதியாண்டு மார்ச் 31ல் முடிகிறது. ஏப்ரல் 1 காலை போட்ட பில் போன வருஷத்தில் போய் உட்காரும். எரர் மெசேஜ் எதுவும் வராது.

அதுக்காகப் பழைய ஃபைலை அப்படியே எடுத்து ஒட்டவும் கூடாது. உதாரணமாக, டெபியனில் 14ஆம் வெர்ஷன் ஃபைலில் 'ஸ்டாட்ஸ் டெம்ப் டைரக்டரி' என்று ஒரு வரி இருக்கும். 15ல் அந்த செட்டிங்கையே எடுத்துட்டாங்க. அந்த வரி இருந்தால் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது.

இப்படிச் செய்யுங்க:

1. அழிக்கும் முன் 'ஷோ கான்ஃபிக் ஃபைல்', 'ஷோ எச்பிஏ ஃபைல்' கொடுத்து இரண்டும் எங்கே இருக்குன்னு பார்த்து, வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்க.

2. 'ஆல்டர் சிஸ்டம்' மூலம் மாற்றியவை டேட்டா ஃபோல்டரில் 'ஆட்டோ டாட் கான்ஃப்' என்று முடியும் ஃபைலில் இருக்கும். மெயின் ஃபைலில் என்ன இருந்தாலும் இது சொல்வதுதான் செல்லும். இதையும் எடுத்துக்கோங்க.

3. பழசையும் புதுசையும் 'டிஃப்' போட்டுப் பார்த்து, நீங்க மாற்றிய வரிகளை மட்டும் 'கான்ஃப் டாட் டி' ஃபோல்டரில் தனி ஃபைலாக வையுங்க. அடுத்த முறை தேடுற வேலை குறையும்.

4. டைம்சோனுக்கு +12 என்று எண் போடாதீங்க. 'பசிபிக்/ஆக்லாந்து' என்று பெயரே கொடுங்க. செப்டம்பர் கடைசி ஞாயிறு கடிகாரம் முன்னே போவதையும், ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே வருவதையும் அது பார்த்துக்கும்.

எல்லாம் முடிந்ததும் மறுநாள் காலை 9 மணிக்கு ஒரு டெஸ்ட் பில் போட்டுப் பாருங்க. சாயங்காலம் போட்டால் தேதி எப்படியும் சரியாகத்தான் காட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.