பிள்ளைக்குச் சொந்தப் பாய்மரப் படகு... விலையை மட்டும் பார்க்காதீங்க!

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் அவரைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளையையும் பயிற்சியில் சேர்த்தாயிற்று. 'எனக்குன்னு ஒரு போட் வேணும்' என்று பிள்ளை கேட்டால்? யானையைக் கட்டித் தீனி போடும் கதையாகிவிடாமல் இருக்க, சில கணக்குகள்.

எத்தனை வருடம் ஓட்டுவார்?

சிறுவர்களின் முதல் படகு பெரும்பாலும் 'ஆப்டிமிஸ்ட்'. உடல் எடை 35 கிலோ. 15 வயதைத் தாண்டினால் இதில் போட்டிக்கு இறங்க முடியாது. 12 வயதில் வாங்கினால், அதிகபட்சம் மூன்று, நான்கு வருடம்தான். இதற்கு நல்ல நிலையில் உள்ள பழைய படகே போதும்.

அடுத்த கட்டம், முன்பு 'லேசர்' எனப்பட்ட 'ஐ.எல்.சி.ஏ'. நீளம் 4.23 மீட்டர். நேத்ரா ஓட்டியதும் இந்த வகைதான். 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்கள் உண்டு. பிள்ளையின் எடை கூடக்கூட, பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் மாற்றினால் போதும், படகு அதேதான். புதிதாக வாங்குவதென்றால் இங்கே வாங்கலாம்.

புதுசா, பழசா?

ஓர் உதாரணக் கணக்கு. புதுப் படகு 6 லட்சம், நான்கு வருடம் கழித்து 3 லட்சத்துக்கு விற்கிறோம், பராமரிப்பு வருடத்துக்கு 50,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக, வருடச் செலவு 1.25 லட்சம். பழைய படகு 3 லட்சம், விற்கும்போது 1.5 லட்சம், பராமரிப்பு 90,000 என்றால் வருடத்துக்கு 1.27 லட்சத்துக்கும் மேல்! பாதி விலைப் படகு, செலவில் புதுசை எட்டிவிட்டது.

அதனால் பழசு வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம். பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றி அழுத்தும்போது அமுங்கினால், வேண்டாம்.

செலவு வைப்பவை எவை?

முதலில் தேய்வது பாய்தான். போட்டிக்குப் புதுப் பாய், பயிற்சிக்குப் பழைய பாய் என்று பிரித்துக்கொண்டால் ஆயுள் நீளும். அடுத்து கயிறு, கப்பி, டிராலி டயர். நிறுத்திவைக்கும் கட்டணம், காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்பும் வெயிலும்தான் எதிரிகள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, கவர் போட்டாலே பாதிச் செலவு மிச்சம். அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டீல் ஆணி பொருந்தும் இடங்களில் அரிப்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கரையேற்றி வைக்கும் படகு என்பதால் இதோடு போச்சு. தண்ணீரிலேயே நிற்கும் பெரிய படகென்றால் கொட்டலசு சுரண்டி, தனி பெயின்ட் அடிக்க வேண்டும். விலையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் எடுத்துவைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

முதல் வருடம் பயிற்சி மையத்தின் படகிலேயே ஓட்டட்டும். ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்!