45 டிகிரியில் ஒரு தேர்வு

குழாய் வெல்டிங் சான்றிதழ்: வாங்குவது கஷ்டம், காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம்

இந்தத் தேர்வில் கேள்வித்தாள் கிடையாது. ஒரு வெல்டிங் மெஷின், ஸ்டாண்டில் 45 டிகிரி சாய்வாக இறுக்கப்பட்ட இரண்டு துண்டு இரும்புக் குழாய்கள், அவ்வளவுதான். குழாயைச் சுழற்றக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் அண்ணாந்து பார்த்து, பக்கவாட்டில் சாய்ந்து, உச்சியில் குனிந்து ஒரே இணைப்பை முடிக்க வேண்டும். வெல்டர்கள் இதை ‘சிக்ஸ் ஜி’ என்கிறார்கள். இதில் தேறியவர், குறிப்பிட்ட தடிமன், விட்ட வரம்புகளுக்குள் எந்த நிலையிலும் குழாய்களை இணைக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குத் தலைநகர் திருச்சி. 1960களில் திருவெறும்பூரில் ‘பெல்’ நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்துகொண்டது. அனல் மின் நிலையக் கொதிகலனில் குழாய் இணைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்று கசிந்தாலே யூனிட்டை நிறுத்த வேண்டி வரலாம்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு இந்தத் தேர்வுக்கு வந்துவிட முடியாது. கிரைண்டிங் பிடிக்கும் ஹெல்பராகத் தொடங்கி, தகட்டில் கை பழகி, அப்புறம்தான் குழாய். ‘ரூட்’ எனப்படும் முதல் சுற்றுதான் பலரைக் கவிழ்க்கிறது. குழாய்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி. கை தாமதித்தால் உலோகம் உருகி உள்ளே தொங்கும். அவசரப்பட்டால் ஓரம் ஒட்டாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை உருகும் குழம்பின் வடிவத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டும்.

அடுத்தது தீர்ப்பு. எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது இணைப்பிலிருந்து பட்டைகளை அறுத்து ‘யு’ வடிவில் வளைப்பார்கள். வளைவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு தெரிந்தால் தோல்வி. உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் சங்கத்தின் விதிப்படி, தோற்றவர் உடனே மறு தேர்வு கேட்டால் அடுத்தடுத்து இரண்டு இணைப்புகள் செய்து இரண்டிலும் தேற வேண்டும்.

தேறினாலும் பட்டம் மாதிரி சுவரில் மாட்டி வைக்க முடியாது. தேர்வு எழுதிய வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாவிட்டால் தகுதி காலாவதி. வெல்டரின் தகுதிக்கு வேலை தரும் நிறுவனமே பொறுப்பு என்பதால், கம்பெனி மாறினால் பெரும்பாலும் மறுபடி டெஸ்ட்.

திருவெறும்பூர், துவாக்குடி இளைஞர்களுக்குப் பட்டறை சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. அந்தமானின் லாங் ஐலண்ட் போன்ற சிறு தீவில் இருப்பவரின் நிலை வேறு. படகேறி ரங்கத், அங்கிருந்து, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், பிறகு சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள் கப்பல் பயணம். சான்றிதழோடு ஊர் திரும்பினாலும் அங்கே கொதிகலனும் இல்லை, உயர் அழுத்தக் குழாயும் இல்லை. ஆறு மாதத்தில் சான்றிதழ் செல்லாக் காசாகிவிடும். ஆக, அவருக்கு இந்தத் தேர்வு எழுதுவதும் ஊரை விட்டுப் போவதும் ஏறக்குறைய ஒரே முடிவுதான். திருச்சிக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. 2010களில் ‘பெல்’ ஆர்டர்கள் குறைந்தபோது சுற்றுவட்டாரப் பட்டறைகள் முடங்கின. வேலை இல்லாத வெல்டருக்கும் அதே ஆறு மாதக் கெடுதான்.

இவ்வளவு இருந்தும் பலர் இதை வாழ்நாள் லட்சியமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஹெல்பர் கூலிக்கும் குழாய் வெல்டர் சம்பளத்துக்கும் உள்ள தூரம் ஒன்று. இன்னொன்று, எக்ஸ்ரே ஃபிலிம் யாருடைய சிபாரிசையும் கேட்பதில்லை.