கூழின் கணக்கு: ஓசூர் வட்டாரத்தில் குழந்தை உணவியல்

உணவியலும் ஊட்டச்சத்தும் பயின்று, மருத்துவமனையில் பயிற்சியும் முடித்துப் பணிக்கு வரும் டயட்டீஷியன் ஒருவருக்குச் சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் உணவுத் திட்டம் வகுப்பது எளிதில் கைவந்துவிடுகிறது. ஒன்பது மாதக் குழந்தையின் உணவை வகுப்பது அவ்வளவு எளிதில் கைவருவதில்லை. குழந்தையின் தேவை மாதத்துக்கு மாதம் மாறுவதும், அதன் இரைப்பை சிறிதாக இருப்பதும், உண்பதைத் தீர்மானிப்பவர் ஊட்டுபவராக இருப்பதும் இதற்குக் காரணங்கள். இந்த அறிவைப் பாடநூலிலிருந்து பாதியும் வட்டாரத்திலிருந்து பாதியுமாகத்தான் சேர்க்க முடியும் என்பதற்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி நல்ல சான்று.

2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கேழ்வரகு வயல்களும் மாந்தோப்புகளும் ஒருபுறமிருக்க, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிந்து கிடக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் குடும்பங்களுடன், வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. தாய் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் வீட்டில் குழந்தைக்கு ஊட்டுபவர் பாட்டியாக இருக்கலாம். பாட்டி ஊரில் தங்கிவிட்ட குடும்பத்தில் அக்கம்பக்கத்தவராகவோ மூத்த பிள்ளையாகவோ இருக்கலாம். யார், எத்தனை மணிக்கு, எதை ஊட்டுகிறார் என்று கேட்டறியாமல் எழுதித் தரப்படும் உணவு அட்டவணை வீட்டுச் சுவரோடு நின்றுவிடும்.

கேழ்வரகையே எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் கொண்ட இந்தத் தானியம், இவ்வகையில் அரிசியைப் பல மடங்கு விஞ்சி நிற்கிறது. ஆயினும் 100 மில்லி நீரில் 10 கிராம் மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழில் ஏறத்தாழ 32 கலோரிதான் இருக்கும். ஒன்பது முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலில் கிடைப்பதோடு, இணை உணவிலிருந்து, அதாவது ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலுக்குத் துணையாகத் தரும் உணவிலிருந்து, நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அந்தக் கூழிலிருந்தே இதைப் பெற வேண்டுமென்றால் 900 மில்லிக்கு மேல் ஊட்ட வேண்டியிருக்கும்; எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பையோ ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லிதான் கொள்ளும். வயிறு நிறைந்தும் குழந்தை மெலிவது இப்படித்தான். மாவை அதிகரித்தால் கூழ் களியாக இறுகிவிடும். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்தாலோ, முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சிதைப்பதால், இருமடங்கு மாவு சேர்த்தாலும் கூழ் ஊட்டும் பதத்திலேயே நிற்கும். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் அதே 100 மில்லியில் நூறு கலோரிக்கு மேல் கிடைக்கும். இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்ற பொருளும் முளைகட்டுவதால் குறைகிறது. பாட்டிமார் கையில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்த முறைக்குப் பின்னால் உள்ள கணக்கை விளக்கிச் சொல்லத் தெரிந்தவரே குழந்தை உணவியலில் தேர்ந்தவர் எனலாம்.

அளவெடுப்பது அடுத்த பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்களுக்காக ஆய்வு நடந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. அத்தகைய குழந்தைக்கு உடனே நிறைய ஊட்டினால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், 100 மில்லியில் 75 கலோரி உள்ள பால் கலவையில் தொடங்கி, உடல் தேறிய பிறகே 100 கலோரிக் கலவைக்கு மாற்றுகிறார்கள். ஆனால் ஒருமுறை எடுத்த எடையைவிட மாதந்தோறும் எடை ஏறும் போக்கே அதிகம் சொல்லும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை போதிய அளவு ஏறாதவர்களுக்கே கூடுதல் உணவளித்தது. இத்துறையில் உலகம் கவனித்த இந்தத் தமிழ்நாட்டு அனுபவத்தை இளம் டயட்டீஷியன்கள் விரிவாகப் படிக்க வேண்டும்.

உணவோடு குடிநீரையும் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீரில், பல்லில் கறை படியச் செய்யும் ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் செயல்படும் மாவட்டம் இது என்பதால், பல்லில் கறையுள்ள குழந்தையின் வீட்டாரிடம் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

அறிவைப் புதுப்பிக்க நம்பகமான வழிகள் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை 528 உணவுப் பொருள்களை ஆராய்கிறது. இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வு தகுதிக்கு ஓர் அடையாளம்; 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உணவியலாளரையும் முறைப்படுத்தப்படும் சுகாதாரத் தொழில்முறையாளராக ஏற்றுள்ளது. இவை அனைத்தையும்விட முக்கியமானது, அறிவு எங்கிருந்து வருகிறது என்ற எச்சரிக்கை. குழந்தைப் பால் பவுடர் விளம்பரத்தைத் தடுக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் வந்த அதன் திருத்தமும், அந்நிறுவனங்கள் சுகாதாரப் பணியாளருக்குப் பரிசோ கருத்தரங்குச் செலவோ அளிப்பதைத் தடை செய்கின்றன. அத்தகைய மேடையில் கற்ற பாடம் தாய்ப்பாலுக்கு எதிராகவே முடியும்.

2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது. அங்கன்வாடிகள் ஊர்தோறும் இருக்கின்றன. இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்கள், எடை போடும் நாளில் ஓர் அங்கன்வாடிக்குச் சென்று, பணியாளரின் அருகில் அமர்ந்து அந்த வளர்ச்சி அட்டைகளைப் படிப்பதிலிருந்து தொடங்கட்டும்.