ஏட்டுச் சுரைக்காய் உரிமைகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1935-ஆம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டம் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் சேரும் உரிமையை அளித்தது. வயலில் உழைப்போரை விலக்கிவிட்டது. கலிபோர்னியா மாகாணத்தில், மெக்ஸிகோவிலிருந்து குடியேறியோர் குட்டைப் பிடிக் களைக்கொட்டுடன் நாள் முழுவதும் குனிந்தே உழைத்தனர். நிமிர்ந்தவன் மேஸ்திரியின் கண்ணில் பட்டுவிடுவான்! முதுகெலும்பு கெட்டவர் பலர். 1966-ல் தோன்றிய கலிபோர்னியா கிராமச் சட்ட உதவி ஸ்தாபனத்தின் வக்கீல்கள், ஏழைகளிடம் காசு பெறாது வழக்காடினர். 1975-ல் அக்கருவி ஒழிந்தது. அதே வருஷத்தில் அம்மாகாணம் விவசாயத் தொழிலாளரின் சங்க உரிமையையும் சட்டமாக்கிற்று.

ஆனால் 1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ் செய்ததென்ன? மத்திய சர்க்காரின் சட்ட உதவி நிதி பெறும் வக்கீல்கள், குடியேற்ற அனுமதியில்லாதாருக்காக வாதாடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. உழைப்பை ஏற்கும் தேசம் உழைப்பவனின் முறையீட்டைக் கேளாதிருப்பது நியாயமாகுமா? வக்கீல் எட்டாதவனுக்கு உரிமை ஏட்டுச் சுரைக்காயே என்போம்.