பெண் பிள்ளைக்குப் பதினாறு நாள்தானா?

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பெண் பெரியவளாகிவிட்டால், உளுந்து வறுக்கிற வாசனை தெருக்கோடி வரைக்கும் வந்துவிடும். கருப்பட்டிப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெயைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றி, அடிபிடிக்காமல் களி கிண்டுவது சாமான்ய வேலையா? கை கழன்றே போய்விடும்! 2019ஆம் வருஷம் என் மகள் பன்னிரண்டு வயதில் உட்கார்ந்தபோது, என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) பதினாறு நாளும் தன் கையாலேயே களி கிண்டினார்கள். காலையில் நாட்டுக்கோழி முட்டை. அந்த முட்டை ஓட்டிலேயே நல்லெண்ணெய் அளந்து ஊற்றிக் குடிக்கச் சொல்வார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்தால், "குடி தாயி, நாளைக்குப் பிள்ளை பெறப்போற இடுப்பு, பலமா இருக்க வேண்டாமா?" என்பார்கள். தாய்மாமன் வீட்டிலிருந்து ஒரு சாக்கு உளுந்தே வந்து இறங்கியது.

பதினேழாம் நாள்? குச்சிலைப் பிரித்தாயிற்று, பந்தலையும் பிரித்தாயிற்று. அதோடு களிச்சட்டியும் பரண் மேலே ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, பெற்ற தாய் நான் உள்பட!

ஆனால் வேறு எத்தனையோ கேட்டோம். "ஏன் இவ்வளவு சத்தமா சிரிக்கே?" "வாசப்படியிலே என்ன வேலை?" "தம்பி சாப்பிட வந்துட்டான், எந்திரிச்சுத் தண்ணி எடுத்து வைக்கக் கூடாதா?" "நாளைக்குப் போற வீட்டிலே என்னைத்தான் பேசுவாங்க." இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ! என் அம்மா என்னிடம் சொன்னது அது. பத்தாவதோடு 1996இல் என் படிப்பு நின்றதும் இதே மாதிரிப் பேச்சினால்தான். "வயசுக்கு வந்த பிள்ளையை பஸ் ஏத்தி வெளியூருக்கு அனுப்பினா ஊர் என்ன சொல்லும்?" என்றார்கள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களே முந்திக்கொண்டோம்.

2022 ஜூலையில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள், காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாளாம். போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம்.

"என்னம்மா சாப்பிடறா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள்.

"நல்லாத்தான் சாப்பிடுவா டாக்டர்" என்றேன். எனக்கே குரல் இறங்கிப் போயிற்று.

அவர்கள் என்னை விட்டுவிட்டு மகளிடம் மணி வாரியாகக் கேட்டார்கள். காலையில்? ஒரு டம்ளர் காப்பி. அப்புறம்? அம்மாவுக்குக் கூடமாட வேலை, தம்பிக்கும் அப்பாவுக்கும் டிபன் கட்டிவிட்டுப் பார்த்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மத்தியானம்? பள்ளியில் சத்துணவோடு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை போடுகிறார்கள். ஆனால் பெரிய பிள்ளை தட்டை ஏந்திப் பையன்கள் முன்னால் வரிசையில் நிற்பதா என்று வெட்கம். வீட்டிலிருந்து எலுமிச்சம் சாதம், அதிலும் பாதி. வாரம் ஒரு நாள் பள்ளியில் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்களாமே? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பேப்பரில் சுருட்டிப் போட்டுவிடுவாளாம். ராத்திரி? எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மாவோடு.

"அரிசி கிரிசி மெல்லுவியா?" என்று டாக்டரம்மா கேட்கவும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாகவே பச்சரிசியைக் கையில் அள்ளி மென்றுகொண்டு திரிந்தாள். "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யும்டி" என்று சொல்லித்தான் அடக்கினோம். ரத்தசோகை இருப்பவர்களுக்கு அரிசி, சாம்பல், சாக்பீஸ் என்று இப்படித் தின்னத் தோன்றுமாம். உடம்பு கூப்பாடு போட்டிருக்கிறது, எங்களுக்கோ கல்யாண மழை பற்றித்தான் கவலை!

வீட்டுக்கு வந்து ஒரு முட்டையை அவித்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டாள். "உனக்குத்தான் முட்டை பிடிக்காதேடி, எப்பவும் தம்பிக்குக் கொடுத்துடுவியே?" என்றேன்.

"பிடிக்கும்மா. நீயும் கறிக்குழம்பு வச்சா, எனக்குக் கறி பிடிக்காதுன்னுதானே சொல்லுவே?" என்றாள்.

சகோதரிகளே, நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன். எனக்குக் கறி பிடிக்கும். துண்டு பற்றாது என்பதற்காகக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொன்ன பொய், இருபது வருஷமாக நிலைத்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவளும் கற்றிருக்கிறாள். "குறைவாகச் சாப்பிடு" என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. நல்ல பெண் என்றால் கடைசியில் சாப்பிட வேண்டும், கேட்காமல் இருக்க வேண்டும், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும் என்பதை என் தட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். உணவைச் சுருக்கிக்கொள்வது பெண்ணுக்கு அழகு என்று கொன்றை வேந்தனில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நாடுதானே இது!

என் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை இது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண் பிள்ளைகளில் 31 பேருக்கு. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு இரும்புச்சத்து கூடுதலாகத்தான் வேண்டும். நம் வீட்டிலோ கூடுதலாக வேண்டியவளுக்குக் குறைவாகப் போடுகிறோம்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சை ரசத்தோடு கொடுத்தேன். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் காப்பி, டீ கூடாது, அது இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாதாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் முன்னாடியே சொல்லியிருந்தார்கள். பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டில் முருங்கைக்கீரை, கம்பங்கூழ், முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல், கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ. சாயங்காலம் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் இரண்டு. மூன்று மாதத்தில் 11.4க்கு வந்தது. "ஏறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்" என்று மேலும் மூன்று மாதம் கொடுக்கச் சொன்னார்கள். அரிசி மெல்லுகிற பழக்கம் தானாகவே போய்விட்டது.

மாத்திரை கொடுப்பதுகூடச் சுலபம். சாப்பிடுகிற வரிசையை மாற்றுவதுதான் பெரும்பாடு! ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும், துண்டை எண்ணிச் சமமாகப் போட வேண்டும் என்றேன். "ஆம்பளைக்கு முன்னாடி பொம்பளைப் பிள்ளை தட்டு போட்டு உக்காருறதா?" என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் அவர்களுக்கும் ஒரு தட்டு வைத்து, "நீங்களும் சூடாச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு அத்தை?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார்கள். அவரவர் டிபனை அவரவரே கட்டிக்கொள்வது என்றும் ஆயிற்று. என் வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். மகன் முதல் வாரம் டப்பாவை மூடாமல் பையில் வைத்துச் சாம்பாரைக் கொட்டிக்கொண்டான், அவ்வளவுதான் நஷ்டம்!

இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. "போற வீட்டிலே என்னைத்தான் பேசுவாங்க" என்ற வாக்கியம் இன்னும் என் நாக்கு நுனிக்கு வரத்தான் செய்கிறது. முழுங்கிக்கொள்கிறேன்.

வீட்டில் பெண் பிள்ளை இருக்கிற தாய்மார்கள் ஒன்று செய்து பாருங்கள். அவள் உள்ளங்கையையும் கீழ் இமையின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், வெளுத்திருந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்படியே உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தபோது 9.1 இருந்தது!

களிச்சட்டி இப்போது பரணில் இல்லை. மாதம் இரண்டு தடவை அடுப்பேறுகிறது. கிண்டுவது பெரும்பாலும் என் மகன்தான்.